தனிக்குடித்தனம் போன கார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஷோரூமைத் திறந்தால் ஏசி தண்ணீர் சொட்டி டைல்ஸ் எல்லாம் ஈரம். வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். விசிட்டிங் கார்டில் சேல்ஸ் மேனேஜர் என்று போட்டிருக்கிறது. வாளி வைப்பதும் நான்தான்.

மதியம் கம்பெனியிலிருந்து ஏரியா ஆபீசர் வந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர், அதனால் எங்களுக்குள் அவருக்குக் கோட்டு என்றே பெயர். முதலாளியின் அறையில் எங்களை உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து எலக்ட்ரிக் கார்கள் எங்களிடம் கிடையாது. அவற்றுக்குப் புதுப் பெயர், புது பேட்ஜ், தனிக் கடை. பெரிய மாலின் தரைத்தளத்தில் இடம்கூடப் பிடித்தாகிவிட்டதாம். அந்தக் கடையின் போர்டில் கம்பெனியின் பழைய பெயர் இருக்கவே இருக்காதாம்.

"ஏன் சார்?" என்று கேட்டேன்.

"பிராண்ட் ஃப்ரெஷ்ஷா இருக்கணும் மேடம். அங்க வர்றவங்களுக்கு ஆயில் வாசனையே வரக் கூடாது."

ஆயில் வாசனை! இத்தனை வருஷமாக உன் கோட்டுக்கும் காருக்கும் சம்பளம் கொடுத்தது எந்த வாசனை? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

இன்னும் வயிறு எரிகிறது.

முதல் எலக்ட்ரிக் கார் எங்கள் ஷோரூமுக்கு வந்தபோது யார் தொட்டார்கள்? ஒருவரும் இல்லை. மூலையில் துணி போர்த்தி நின்றது. நான்தான் புத்தகத்தைப் படித்து, மெக்கானிக்குகளைத் தொந்தரவு செய்து, அதை ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யார் வாங்க வந்தாலும் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய், வண்டி நிறுத்தும் இடம் எது, சார்ஜர் மாட்டச் சுவர் இருக்கிறதா, மீட்டர் பலகையிலிருந்து வயர் இழுக்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் புக்கிங் எழுதுவேன். எங்கள் சீனியர் சேல்ஸ்மேன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரை எல்லாரும் சித்தப்பா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். "மேடம் எங்கன்னு கேக்கறீங்களா? மாப்பிள்ளை வீடு பாக்கப் போயிருக்காங்க" என்பார் வருகிறவர்களிடம்.

பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்தவள் நான். இப்போது தனிக்குடித்தனம் வைக்கிறார்கள், எனக்கு மட்டும் அழைப்பு இல்லை.

மார்ச் 10, திங்கள்

முதலாளியிடம் நேராகக் கேட்டுவிட்டேன். மால் கடையையும் இவர்தான் நடத்தப்போகிறார். "சார், அந்தக் கடையை எனக்குக் கொடுங்க. எலக்ட்ரிக் விக்கத் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல நான்தான்."

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா ஆள் எடுக்கறது கம்பெனி. இடம் என்னுது, ஆளு அவங்களுது, விலை அவங்களுது. ஒரு வண்டி கைமாத்தினா எனக்குக் கூலி. அவ்வளவுதான்."

அவரும் உள்ளுக்குள் புகைந்துகொண்டுதான் இருக்கிறார். இதுவரை கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி, விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கொஞ்சம் பிடித்து விற்றார். எலக்ட்ரிக்கில் அதெல்லாம் இல்லை. கஸ்டமர் போனிலேயே கம்பெனிக்குப் பணம் கட்டுவார். எல்லா ஊரிலும் ஒரே விலை, பேரமே கிடையாது. இன்னொன்றும் சொன்னார். எலக்ட்ரிக்கின் வரவு செலவைத் தனியாகக் காட்டினால்தான் வெளியிலிருந்து முதலீடு வருமாம். பெட்ரோலோடு சேர்ந்திருந்தால் பழைய கம்பெனி என்று மதிப்பு போடுவார்களாம். ஆக, லாபத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும் மூத்தவனை வீட்டுக்குள் மறைத்துவைத்துவிட்டு, இன்னும் சம்பாதிக்காத இளையவனை வாசலில் நிறுத்தி ஊருக்குக் காட்டுகிறார்கள்.

விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போனில். கோட்டுதான் பேசினார்.

"உங்க திறமையில குறையே இல்ல மேடம். உங்க அனுபவம்தான் பிரச்சினை."

அனுபவம் பிரச்சினையாம். போங்கடா நீங்களும் உங்க கடையும்.

மார்ச் 22, சனி

நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷர், எதையும் மேலே கீழே என்றுதான் பார்ப்பார். "ஒரு கதவு மூடினா விடேன்" என்றார். மூடவில்லைங்க, என் மூக்குக்கு நேராக அறைந்தார்கள் என்றேன். அதற்கும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர்மீதும் கோபம் வந்தது.

மார்ச் 31, திங்கள்

லாரி வந்து டிஸ்ப்ளே காரை ஏற்றிக்கொண்டு போனது. சார்ஜர் பெட்டியையும் சுவரிலிருந்து பெயர்த்துவிட்டார்கள். நான்கு ஓட்டை, நடுவில் தொங்கும் வயர். சித்தப்பா அதன்மேல் பெட்ரோல் வண்டியின் போஸ்டரை ஒட்டினார். கோணல்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைக்குத்தான் முதலாளி சொல்லி முழு விஷயமும் தெரிந்தது.

கம்பெனி போன வருஷம் ஊர் ஊராக, கஸ்டமர் வேஷத்தில் ஆட்களை அனுப்பியிருக்கிறது. எங்கள் ஷோரூமுக்கும் ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். "எலக்ட்ரிக் கார் பாக்கணும்" என்று கேட்டிருக்கிறார்கள். நான் அன்றைக்கு வெளியே. சித்தப்பா அவர்களை உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, பெட்ரோல் வண்டியில் டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பியிருக்கிறார். எலக்ட்ரிக்கின் கதவைக்கூடத் திறந்து காட்டவில்லை. எல்லா ஊரிலும் இதே கதையாம். பெட்ரோல் விற்கிறவர்களிடம் எலக்ட்ரிக்கைக் கொடுத்தால் விற்க மாட்டார்கள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார்கள்.

நான் சித்தப்பாவிடம் பாய்ந்தேன். "உங்களாலதான் எல்லாம் போச்சு! என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"எப்பவும் சொல்றதுதான். பாட்டரி ஆறு வருஷத்துல போயிடும், மாத்தறதுக்குப் புது வண்டியே வாங்கிடலாம்னு."

"அது பொய்னு உங்களுக்குத் தெரியும். எட்டு வருஷம் கம்பெனியே கேரண்டி கொடுக்குது."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மேடம், பெட்ரோல் வண்டி வித்தா எனக்கு இன்சென்டிவ் மூணு மடங்கு. அந்த வண்டி ஆயிலுக்கும் பில்டருக்கும் வருஷா வருஷம் இங்கதான் வரும், முதலாளிக்கும் சந்தோஷம். எலக்ட்ரிக்ல எதை மாத்தச் சொல்லி வண்டிய வரவழைக்கறது? ஒரு வண்டி விக்க அரை நாள் தொண்டை வத்தப் பேசணும். என் இடத்துல இருந்தா நீங்க எதை விப்பீங்க?"

இன்சென்டிவ் சார்ட் சுவரில்தான் தொங்குகிறது. அதைப் போட்டது யார்? கம்பெனி. பெட்ரோலை விற்றால் மூன்று மடங்கு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும் நீ, ஐயோ பெட்ரோலையே விற்கிறார்களே என்று வேவு பார்க்க ஆள் அனுப்பியதும் நீ. சார்ட்டை மாற்றியிருந்தால் போதுமே. புதுக் கடை, புது பேட்ஜ், புது ஆட்கள்! எங்களைத் திருத்துவதைவிட எங்களைக் கை கழுவுவது அவர்களுக்குச் சுலபம்.

ஏப்ரல் 11, வெள்ளி

என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. படிப்பை முடித்துவிட்டு வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறாளே என்று நான் கவலைப்படாத நாள் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

வேலை எங்கே தெரியுமா? மால் கடையில். எலக்ட்ரிக் கார் விற்க.

விளம்பரத்தைப் போனில் காட்டினாள். 'கார் விற்பனை அனுபவம் இல்லாதவர்களுக்கு முன்னுரிமை.' ஓட்டல் ரிசப்ஷன், போன் கடை, விமான டிக்கெட் கவுன்டர் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் மற்றவர்களை எடுத்திருக்கிறார்கள். இவளுக்கு அதுவும் இல்லை. க்ளட்ச் எது பிரேக் எது என்று இன்றைக்கும் தடுமாறுகிறவள். எனக்கு எது இருக்கிறது என்பதால் தள்ளினார்களோ, அது இல்லை என்பதால் இவளை எடுத்திருக்கிறார்கள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ இப்படித்தான் மூஞ்சிய வெச்சுப்பேன்னு தெரியும்மா."

முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ. கண்ணாடி பார்க்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வீட்டில் புதுச் சட்டம். இரண்டு கடைக்காரர்களும் கஸ்டமர் விவரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே விசாரித்த ஆள் இங்கே வந்தால் எனக்குத் தெரியாது, இங்கே வந்தவர் அங்கே போனால் அவளுக்குத் தெரியாது. முதலாளி ஒருவரே, ஆனால் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வீடும் ஒன்றே. சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்க்கிறாள், நான் என் தட்டைப் பார்க்கிறேன். "உப்பு போதுமா?" என்று வீட்டுக்காரர் மட்டும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவளுக்குச் சம்பளம் மட்டும்தானாம், இன்சென்டிவ் கிடையாது. விற்றாலும் அதே, விற்காவிட்டாலும் அதே. இதெல்லாம் ஒரு வியாபாரமா?

மே 14, புதன்

கூட்டம் பாதியாகிவிட்டது. வருகிறவர்களில் பலர் "இங்க எலக்ட்ரிக் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் டார்கெட்டை மட்டும் ஒரு வண்டிகூடக் குறைக்கவில்லை. கோட்டுக்குப் போன் செய்தேன். "இன்னும் கொஞ்சம் அக்ரசிவ்வா போங்க மேடம்" என்றார். போனை வைத்த பிறகு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மே 31, சனி

மாதக் கடைசி. டார்கெட்டுக்கு ஒரே ஒரு வண்டி பாக்கி. எங்கள் டார்கெட் விசித்திரமானது. தொட்டால் டீம் முழுவதற்கும் போனஸ், ஒன்று குறைந்தாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் வந்தார். அவருடைய முதல் கார், அப்புறம் அவர் கணவரின் கார், இரண்டும் நான் விற்றவை. உட்காரும் முன்பே கேட்டார்: "மேடம், மால்ல அந்த எலக்ட்ரிக் பாத்தேன். ரொம்பப் பிடிச்சிருக்கு. கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டப்போறேன். ஆனா உங்களைக் கேக்காம முடிவு பண்ண மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க?"

கிளினிக்குக்கும் வீட்டுக்கும். சொந்த வீடு, சொந்த பார்க்கிங், சார்ஜர் மாட்டச் சுவர் இருப்பது எனக்கே தெரியும். எலக்ட்ரிக்குக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சித்தப்பா தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீமே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாட்டரி ஆறு வருஷத்துல போயிடும் டாக்டர். மாத்தறதுக்குப் புது வண்டியே வாங்கிடலாம்" என்றேன்.

என் குரல்தான். என் வாய்தான். எப்படி அவ்வளவு சரளமாக வந்தது?

"நல்லவேளை, உங்களைக் கேட்டேன்" என்றார் டாக்டர். புக்கிங் எழுதினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

விடுமுறை. தூங்கவே இல்லை. கம்பெனி மேல்தான் கோபம். கம்பெனி மேல்தான்.

ஜூன் 4, புதன்

மகள் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு பல் டாக்டர் வந்து எங்ககிட்ட புக்கிங் வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு தடவை டெஸ்ட் டிரைவ் போயிருக்காங்க, நான்தான் கூடப் போனேன். ஏன் மேடம்னு கேட்டேன். பழைய ஷோரூம்ல பல வருஷமா தெரிஞ்ச ஒரு மேடம் இருக்காங்க, அவங்க பாட்டரி ஆறு வருஷம்தான்னு சொன்னாங்கன்னு சொன்னாங்க."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"நீயா சொன்ன?"

"கஸ்டமர் விஷயம் வீட்ல பேசக் கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கோம்."

"நீயாம்மா சொன்ன?"

"ஆமா, நான்தான் சொன்னேன்! என்ன பண்ணச் சொல்ற? எனக்கு டார்கெட் இருக்குடி! உன்னை மாதிரி சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறேனா? எத்தனை பேர் வீட்டு போனஸ் தெரியுமா அது? உனக்கு ஒரு வண்டி போச்சுன்னு என்கிட்ட வந்து குதிக்கற!"

அவள் குதிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணும் போகலம்மா. எங்களுக்கு இன்சென்டிவே கிடையாது. அவங்க வாங்கலன்னா எனக்கு என்ன? அந்த மேடம் பொய் சொல்ல மாட்டாங்கன்னு அவங்க அடிச்சுச் சொன்னாங்க. நான் தலையாட்டிட்டு நின்னேன். அதான் தாங்கல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கையிலிருந்த துணியைச் சுவரில் வீசி அடித்தேன். யாரை அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கோட்டு போனில் சொன்னது ஞாபகம் வருகிறது. உங்க அனுபவம்தான் பிரச்சினை. அந்த ஆள் சொன்னது சரியாகிவிட்டதே என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் சொன்னது தப்பு என்று காட்ட எனக்கு இருந்தது என் வாய் ஒன்றுதான். அதையும் ஒரு வண்டிக்கு விற்றுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் சொன்னால் ஏதாவது பூசி மெழுகிவிடுவேன். காத்திருக்கும் நாற்காலியில் கன்னம் வீங்கிய இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பல் பிடுங்கப் போகிற மாதிரிதான் இருந்தது.

"டாக்டர், நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். கம்பெனி எட்டு வருஷம் கேரண்டி கொடுக்குது. அதுக்கப்புறமும் ஓடும். உங்களுக்கு அந்த எலக்ட்ரிக்தான் சரி. இங்க கேன்சல் பண்ணிட்டு அங்கயே வாங்குங்க. டெலிவரிக்கு முன்னாடி சொல்லணும்னு வந்தேன்."

அவர் கையுறையைக் கழற்றினார். மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்திருக்கிறேன், இல்லாவிட்டால் அவ்வளவு வலித்திருக்காது.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"மாசக் கடைசி. ஒரு வண்டி குறைஞ்சது."

"அப்போ முதல்ல எங்களுக்கு வித்தீங்களே ரெண்டு வண்டி, அதெல்லாம் மாசத்துல எந்தத் தேதி?"

இரண்டும் நல்ல வண்டிகள். உண்மையைச் சொல்லித்தான் விற்றேன். ஆனால் அதை இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

ஜூன் 9, திங்கள்

புக்கிங் கேன்சல், டாக்டர் காரணத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மே மாதத்திலிருந்து ஒரு வண்டி கழிந்தது. டீம் முழுவதற்கும் போனஸ் இல்லை. சித்தப்பா என்னோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் கம்பெனியிலிருந்து வந்த மெயில். என்மேல் புகார்: கஸ்டமரைப் போட்டி ஷோரூமுக்குத் திருப்பிவிட்டேனாம்.

போட்டி ஷோரூம்! எலக்ட்ரிக் கேட்டு வருகிறவர்களைப் பெட்ரோலுக்கு இழுக்கிறோம் என்றுதானே எங்களைத் தள்ளிவைத்தீர்கள்? இப்போது ஒருவரை எலக்ட்ரிக்குக்கே அனுப்பினேன், அதற்கும் குற்றப்பத்திரிகையா? அனுப்பாவிட்டாலும் தப்பு, அனுப்பினாலும் தப்பு.

"ரெண்டும் உங்க கடைதானே சார்?"

"எனக்கு ரெண்டும் என் கடைதான்மா. கம்பெனிக்கு அது ரெண்டும் ரெண்டு கம்பெனி. அந்த வண்டி அங்க வித்தா இங்க டார்கெட் நிக்குமா? பெட்ரோல் பிரிவுக்காரன் என்னைப் பிடிச்சு உலுக்கறான்." பேப்பர்வெயிட்டை உருட்டினார். "இனிமே அனுப்ப மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடு. நான் பாத்துக்கறேன்."

"எழுத மாட்டேன் சார்."

"பிடிவாதம் பிடிக்காதம்மா."

"கேட்டு வர்றவங்களுக்கு எது சரியோ அதைத்தான் சொல்வேன். அது இங்க இருந்தா விப்பேன், இல்லன்னா எங்க இருக்குன்னு சொல்வேன். இதை வேணா எழுதித் தரேன்."

மெயிலை அவர் பக்கமே தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 16, திங்கள்

சித்தப்பா மேனேஜர். நான் சேல்ஸ், ஓரத்து மேஜை, அதாவது ஏசி சொட்டுகிற மேஜை. வேலையை விட்டு அனுப்பவில்லை, முதலாளிக்கு அவ்வளவு ஈரம் இருந்திருக்கிறது. சம்பளம் குறைந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, சமாளிப்போம்" என்றார். மேலே கீழே என்று ஏதும் சொல்லவில்லை.

மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவர் சொல்லியிருப்பார்.

ஜூன் 24, செவ்வாய்

எலக்ட்ரிக் கேட்டு ஒரு குடும்பம். மாலுக்கு வழி சொல்லி அனுப்பினேன். சித்தப்பா எல்லார் முன்னாலும் கத்தினார். நானும் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

ஜூலை 8, செவ்வாய்

இந்த மாதம் இதுவரை ஒரு வண்டிகூட விற்கவில்லை. விற்பனை சார்ட்டில் என் பெயருக்கு நேரே வெறும் கட்டம். தினமும் அதைத் தாண்டித்தான் பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தில் கிழித்துவிடலாமா என்று வருகிறது.

ஜூலை 18, வெள்ளி

மதியம் ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரிகளுக்கு லேப் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். நேராக மேனேஜர் அறைப் பக்கம் போகாமல், சுற்றிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

தினம் எவ்வளவு ஓட்டம், எந்த ரோடு, ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று வழக்கம்போல் கேட்டேன். மலைப் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போகிறார். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். வழியில் சார்ஜ் போட ஓர் இடமும் இல்லை. வீட்டிலும் வண்டி தெருவில்தான் நிற்கும்.

"உங்களுக்கு பெட்ரோல்தான் சார் சரி" என்றேன்.

சிரித்தார். "அந்தப் பொண்ணும் இதையேதான் கேட்டுச்சு, இதையேதான் சொல்லிச்சு."

"எந்தப் பொண்ணு?"

"மால்ல, எலக்ட்ரிக் கடையில. நான் எலக்ட்ரிக்தான் வேணும்னு அடம்பிடிச்சேன். காட்டவே மாட்டேன்னு சொல்லிடுச்சு. உங்க ஓட்டத்துக்கு இது சரிப்படாது, பழைய ஷோரூமுக்குப் போங்க, அங்க ஓரத்து மேஜையில ஒரு மேடம் இருப்பாங்க, அவங்களைக் கேளுங்கன்னு சொல்லிச்சு. அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லிச்சு."

பேனா கீழே விழுந்துவிட்ட மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்தேன். நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது.

சாம்பல் நிறத்தில்தான் வேண்டும் என்றார், அதுவும் இந்த வாரமே. ஸ்டாக்கில் வெள்ளைதான் நிற்கிறது, சாம்பல் வர மூன்று வாரம் ஆகும் என்று சொன்னேன். சித்தப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளையைத் தள்ளிவிடச் சொல்லி ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார்.

வந்தவர் யோசித்தார். காத்திருக்கிறேன் என்றார்.